எழுபதுக்கு முன் வரைந்தவை

1834ஆம் ஆண்டு ஜப்பானின் எடோ நகரில், இன்றைய டோக்கியோவில், ‘ஃபூஜி மலையின் நூறு காட்சிகள்’ என்ற படப்புத்தகத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. வரைந்தவர் கட்சுஷிகா ஹொக்குசாய். பிறந்த ஆண்டையும் சேர்த்து எண்ணும் ஜப்பானிய வழக்கப்படி அப்போது அவருக்கு வயது 75. (இக்கட்டுரையில் அவர் வயதைக் குறிக்கும் இடமெல்லாம் அந்தக் கணக்குதான்.) புத்தகத்தின் முடிவில் தம்மைப் பற்றி அவர் ஒரு சிறு பின்னுரை எழுதியிருக்கிறார். ஆறு வயதிலிருந்தே பொருள்களின் வடிவத்தை வரையும் பித்து தமக்கு இருந்ததாகவும், ஐம்பது வயது வாக்கிலிருந்து ஏராளமாக வெளியிட்டிருந்தாலும் எழுபதுக்கு முன் வரைந்ததில் பொருட்படுத்தத்தக்கது எதுவும் இல்லை என்றும் சொல்கிறார். 73இல்தான் பறவை, விலங்கு, பூச்சி, மீன் ஆகியவற்றின் உடலமைப்பும் செடிகொடிகள் வளரும் விதமும் ஓரளவு பிடிபட்டனவாம். அதோடு நிற்கவில்லை, வரப்போகும் வருடங்களுக்கும் கணக்குப் போடுகிறார். 86இல் இன்னும் தேர்ச்சி, 90இல் கலையின் உட்பொருள், 100இல் அற்புத நிலை, 110இல் தாம் இடும் ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உயிர் வந்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

கலைஞர்கள் தம்மைப் பற்றி எழுதிய குறிப்புகளில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. முதுமையிலும் தளராத ஊக்கத்துக்குச் சான்றாகத்தான் பெரும்பாலும் இதைக் காட்டுவார்கள். இந்தக் கட்டுரையின் அக்கறை வேறு. ஒரு கலைஞர் தம் உழைப்பைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கணக்கை, அவர் உண்மையில் செய்த வேலைகளோடு ஒத்துப் பார்க்க வேண்டாமா? எழுபது வயது வரை ஹொக்குசாய் காலண்டர், நடிகர் படம், நாவல் படம், காதல் லீலைப் படங்கள், வெட்டி ஒட்டும் விளையாட்டுத் தாள், சீப்பு வடிவம், துணிக்கான அச்சுக்கோலம், வரைபாடநூல் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தவர். அந்தச் சில்லறை வேலைகளில்தான் அவருடைய பெரும் படைப்பு உருத்திரண்டது என்பது என் முதல் வாதம். அவற்றை அவர் ஒரேயடியாகத் தள்ளுபடி செய்ததற்கும் ஒரு காரணம் இருந்தது என்பது இரண்டாவது.

பட்டறையை விட்டு வெளியே

1760இல் பிறந்த ஹொக்குசாய், பதினான்கு பதினைந்து வயதில் மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலைக் கற்றார். 1778இல் கட்சுகாவா ஷுன்ஷோவின் பட்டறையில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். கபூக்கி நாடக நடிகர்களை அச்சுப்படமாக வரைவதில் பேர்பெற்ற பட்டறை அது. குருவின் பெயரில் ஒரு துண்டு சீடனின் பெயரிலும் இருக்கும். இவர் ஷுன்ரோ ஆனார். அந்தத் துண்டுப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. அதை நம்பித்தான் பதிப்பாளர் புதியவனுக்கு வேலை கொடுப்பார்.

குரு இறந்த பின், 1790களின் நடுவில், ஹொக்குசாய் அங்கிருந்து விலகினார். பிறகு சில காலம் சோரி என்ற வேறொரு மரபின் பெயரைத் தாங்கினார். 1798இல் அதையும் தம் சீடர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, எந்தப் பள்ளியையும் சாராதவராகத் தனித்து நின்றார். வாழ்நாளில் அவர் சூடிய பெயர்கள் முப்பதுக்கும் மேல். பழைய பெயர்களைச் சீடர்களுக்குக் கைமாற்றுவது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

தனித்து நிற்பது என்றால் யார் தயவும் தேவையில்லை என்று பொருளாகாது. ஒரு குருவின் இடத்தில் பல வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் முக்கியமானவர்கள், எள்ளல் கவிதை எழுதும் நகரத்துக் குழுவினர். புத்தாண்டு வந்தால் தங்கள் கவிதைகளோடு படமும் சேர்த்துச் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்குவார்கள். இவற்றில் பட நாட்காட்டி ஒரு தனி வகை. அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் சில மாதங்களுக்கு 30 நாள், சில மாதங்களுக்கு 29 நாள். எது நீளம் எது குறுக்கம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த எண்களை ஒரு பெண்ணின் ஆடை மடிப்பிலோ பாத்திரத்தின் பூவேலையிலோ ஒளித்து வைத்து வரைய வேண்டும். வாங்கியவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விற்பனைக்கு அல்ல என்பதால் தாளும் சாயமும் உயர்தரம். செலவைப் பார்க்காமல் செய்து பார்க்க இடம் இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹொக்குசாயின் முதல் விரிவான வாழ்க்கை வரலாற்றை ஈஜிமா கியோஷின் 1893இல் வெளியிட்டார். பட்டறையை விட்டு வந்த புதிதில் ஹொக்குசாய் தெருவில் மிளகாய்ப் பொடியும் நாட்காட்டியும் விற்றார் என்று அதில் வருகிறது. அவர் இறந்து நாற்பதாண்டுகளுக்கு மேலான பின் திரட்டிய செய்தி. சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் பட்டறைப் பெயரை இழந்த ஓவியனின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை அன்றைய எடோவாசிகள் அறிந்தே அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள்.

ஓர் அலையின் 34 ஆண்டுகள்

உலகம் முழுவதும் கோப்பையிலும் சட்டையிலும் காணக் கிடைக்கும் ‘கனகவா கடலில் பெரிய அலை’ 1831 வாக்கில் வெளியானது. ‘ஃபூஜி மலையின் 36 காட்சிகள்’ வரிசையில் ஒரு படம். ஹொக்குசாய்க்கு அப்போது 72 வயது. அவர் பின்னுரையின்படி, தேறத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த அலையின் தடம் பிடித்துப் பின்னோக்கிப் போனால் ஒரு நீண்ட வரிசை கிடைக்கிறது.

1797இல், 38ஆம் வயதில், பதிப்பாளர் சுதாயா வெளியிட்ட ஒரு கவிதைத் தொகுப்புக்காக எனோஷிமா கடற்கரையை வரைந்தார். கரையில் உலாவ வந்தவர்கள், சுருண்டு வரும் அலை, தொலைவில் ஃபூஜி. அலை அங்கே காட்சிக்குத் துணையாக மட்டும் இருக்கிறது. 1803 வாக்கில் கனகவாவை ஒட்டிய ஹொன்மொகு கடலை வரைந்தபோது அலை பெரிதாகி, பாய்மரக் கப்பலுக்கு மேல் எழுந்துவிட்டது. ஆனால் அதில் நீரின் நெகிழ்வு இல்லை. பாறையைச் செதுக்கி நிறுத்தியதுபோல் கனத்து நிற்கிறது.

1805 வாக்கில் வந்த அடுத்த படத்தில் துடுப்புப் படகுகள் அலைகளுக்கு நடுவே செல்கின்றன. புதிதாகப் பிடித்த மீனை எடோ சந்தைக்கு விரைந்து கொண்டுசேர்க்கும் படகுகள் இவை. 1831இன் பெரிய அலையில் சிக்கியிருப்பவையும் இதே வகைப் படகுகளே. அந்தக் காலத்தில் டச்சு வணிகர்கள் மூலம் நாகசாகி வழியே வந்த ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் எடோ ஓவியர்களை ஈர்த்திருந்தன. ஹொக்குசாய் தம் படத்துக்கு அவற்றைப் போலவே சட்டம் வரைந்தார். மேலிருந்து கீழாக எழுத வேண்டிய ஜப்பானிய எழுத்தில் தம் பெயரைக் கிடையாக, ஐரோப்பியக் கையெழுத்துப்போலத் தோன்றும்படி எழுதினார். தூரத்தில் உள்ளதைச் சிறிதாக்கும் ஐரோப்பிய முறையையும் முயன்று பார்த்தார். இருந்தும் பார்வை உயரத்திலிருந்தே விழுகிறது. அலைமுடியில் நுரை விரியவில்லை.

இதற்கும் 1831க்கும் இடையில் கால் நூற்றாண்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் அலை எங்கே வளர்ந்தது? ஒரு பகுதி நாவல்களில். நாவலாசிரியர் பாகின் எழுதி 1807 முதல் 1811 வரை வெளிவந்த ‘பிறைநிலா வில்’ என்ற நீள்கதைக்கு ஹொக்குசாய் படம் வரைந்தார். வண்ணம் கிடையாது, கறுப்பும் சாம்பலும் மட்டும். புயலையும் கொந்தளிப்பையும் கோட்டால் மட்டுமே நடத்திக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம். இன்னொரு பகுதி 1812இல் வந்த ‘சுருக்க ஓவியம்: விரைவுப் பாடம்’ என்ற பயிற்சி நூலில். விலங்கு, பறவை, மனிதர் என எதையும் கவராயத்தாலும் அளவுகோலாலும் கட்டியெழுப்பலாம் என்று அதில் படிப்படியாகக் காட்டுகிறார். பெரிய அலையின் வளைவுகளை வட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஆய்வாளர்கள் பலர். அந்த வட்டங்களை அவர் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடக்கநிலை மாணவர்களுக்கு விற்றிருந்தார்.

மூன்றாவது இடம் பலர் கவனிக்காதது. 1823இல், 64ஆம் வயதில், தலைச்சீப்பும் புகைக்குழாயும் செய்யும் கைவினைஞர்களுக்கான வடிவ நூல் ஒன்றை வெளியிட்டார். ஜப்பானியச் சீப்பின் மேற்பகுதி பிறைபோல் வளைந்தது, விரல்நீள இடம். அதற்குள் ஒரு முழுக் காட்சியை அடக்க வேண்டும். அந்த வளைவுக்குள் பொருத்த அவர் எடுத்துக்கொண்டவற்றில் அலையும் ஒன்று. சட்டத்தின் வளைவும் அலையின் வளைவும் ஒன்றையொன்று தொடர வேண்டிய கட்டாயம், பரந்த தாளில் ஓவியருக்கு ஏற்படாதது. அதே நூலின் இறுதியில் வரவிருக்கும் புத்தகம் ஒன்றுக்கு விளம்பரம் இருக்கிறது: ஃபூஜி மலை வெயிலிலும் மழையிலும் காற்றிலும் பனியிலும் எப்படியெல்லாம் தோற்றம் மாறுகிறது என்பதை எட்டு வகையாகக் காட்டும் திட்டம். ஃபூஜியை வரிசையாக வரையும் யோசனை உலகறிந்த 36 காட்சிகளுக்குச் சுமார் எட்டாண்டு முன்பே, சீப்பு செய்பவர்களுக்கான ஒரு கையேட்டில் முளைவிட்டிருக்கிறது.

கடைசியாக வந்து சேர்ந்தது நிறம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்யன் நீலம், 1820களின் இறுதியில் ஜப்பானில் விலை குறைந்து அச்சகங்களுக்குக் கட்டுப்படியானது. அவுரி நீலத்தைவிட அழுத்தமானது, வெளிறாதது. 1831 புத்தாண்டில் 36 காட்சிகளுக்கு விளம்பரம் கொடுத்த பதிப்பாளர் நிஷிமுரயா யொஹாச்சி, படங்கள் நீலத்தில் அச்சாவதையே முன்னிறுத்தினார். விற்பனை சூடுபிடித்தது, 36 என்று தொடங்கியது 46 படங்களில் முடிந்தது.

புள்ளியும் கோடும் யாருடையவை?

தொழில்முறை ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் பின்னுரையின் கணக்கைச் சரிபார்க்க முடியாது. மரக்கட்டை அச்சில் ஓவியர் மெல்லிய தாளில் தூரிகையால் வரைவார். அந்தத் தாளைக் கவிழ்த்து, செர்ரி மரப் பலகையில் பசையிட்டு ஒட்டுவார்கள். கோடுகள் மட்டும் புடைத்து நிற்கும்படி செதுக்குபவர் மற்ற இடத்தைத் தோண்டி எடுப்பார். மூலப்படம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை; அச்சடிப்பவர் ஒன்றன் மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பார். முதல் போடுபவரும் விலை வைப்பவரும் பதிப்பாளர். வாசகர் கையில் வருவது நான்கு பேரின் வேலை.

ஹொக்குசாய் சிறுவயதில் உளி பிடித்தவர். கோடு எங்கே கெடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1830களில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்களில், தம் படங்களை எகாவா தொமேகிச்சி என்ற செதுக்குநரிடமே கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். தாம் வரையாத கீழ் இமையைச் செதுக்குபவர்கள் தாமாகச் சேர்த்துவிடக் கூடாது, மூக்கைப் போட்டிப் பள்ளியான உதகவா பாணிக்கு மாற்றிவிடக் கூடாது என்று மூக்கின் படம் போட்டே விளக்குகிறார். ‘நூறு காட்சிகள்’ புத்தகத்தைச் செதுக்கியதிலும் தலைமை எகாவாதான். 110 வயதில் தம் புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்று ஹொக்குசாய் எழுதிய அந்தப் பக்கத்தில் வாசகர் காணும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் இன்னொருவரின் கத்தி விட்டுவைத்தவை.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்காளி இருந்தார். மகள் ஓயி, மணவாழ்க்கை முறிந்து தந்தையிடம் திரும்பியவர். தந்தையின் இறுதிக்காலம் வரை உடன் இருந்து வரைந்தார். பெண்களை வரைவதில் மகள் தம்மை மிஞ்சிவிட்டாள் என்று ஹொக்குசாய் சொன்னதாக வழிவழிச் செய்தி உண்டு. ஓயியின் கையெழுத்தோடு எஞ்சியவை மிகக் குறைவு. எடோவின் கேளிக்கைப் பகுதியான யோஷிவாராவின் இரவுக் காட்சி ஒன்றில் அவர் விளக்கொளியையும் நிழலையும் கையாண்டிருக்கும் விதம், தந்தையின் முதுமைக்கால ஓவியங்களில் மகளின் கை எவ்வளவு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது. பின்னுரையின் ‘நான்’ இவர்களில் யாரையும் கணக்கில் எடுக்கவில்லை.

செதுக்கும் முறையால் இன்னொரு விளைவும் உண்டு. அச்சானவற்றின் மூலப்படங்கள் அழிந்தன. அச்சாகாதவற்றின் மூலப்படங்கள் தப்பின. 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஹொக்குசாயின் 103 சிறு வரைபடங்களை வாங்கியது. ‘அனைத்தும் அடங்கிய பெரும் படநூல்’ என்ற தலைப்பில் திட்டமிட்டு, ஏனோ வெளிவராமல் போன புத்தகத்துக்கானவை அவை. இந்தியா, சீனா சார்ந்த கற்பனைக் காட்சிகள், புத்தரின் கதை, விலங்குகள், இயற்கை என்று பரந்த பொருள். வெற்றி பெற்ற நூல்களில் காணக் கிடைக்காத அவருடைய தூரிகையின் நேரடி ஓட்டத்தை, கைவிடப்பட்ட திட்டம் ஒன்றுதான் நமக்குக் காட்டுகிறது. பல திட்டங்களில் கைவைத்த கலைஞரின் வாழ்வில் எது வீண் என்று முடிவுகட்டுவது அவ்வளவு எளிதன்று.

தள்ளுபடியின் காரணம்

அப்படியானால் ஹொக்குசாய் ஏன் எழுபதுக்கு முந்தையதை ஒன்றுமில்லை என்றார்? 1814 முதல் 1819க்குள் ‘ஹொக்குசாய் மாங்கா’ பத்துத் தொகுதிகள் வந்துவிட்டன. வரைய விரும்புவோர் பார்த்துப் பழகுவதற்கான மாதிரிப் படங்களின் தொகுப்பு அது. பதிப்பாளருக்கு நல்ல வருமானம். 1817இல் நகோயா நகரில், பெருங்கூட்டத்தின் முன் 120 பாய் அளவுள்ள தாளில் தருமாவின் (போதிதர்மரின்) உருவை வரைந்து காட்டியதும் அந்தத் தொகுப்புக்குப் பேர் சேர்க்கத்தான். இவற்றின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, வியாபாரம். பின்னுரை அச்சானது விற்பனைக்கு வந்த புத்தகத்தில். கீழே இருப்பது மன்ஜி என்ற புதுப் பெயர். பழையதைவிட இதுவே மேல் என்று சொல்வது எந்தப் பதிப்பாளருக்கும் உகந்த பேச்சு. இரண்டு, வாழ்க்கை நிலை. 1820களின் பிற்பகுதியில் அவருக்கு வாதநோய் வந்தது. 1828இல் மனைவி இறந்தார். பேரன் வைத்த கடன் கழுத்தை நெரித்தது. கையில் காசில்லை, உடுத்தத் துணியில்லை என்று 1830இல் எழுதிய கடிதம் உண்டு. அறுபதாண்டுச் சுழற்சி முடிந்ததும் புதிதாகப் பிறந்ததாகக் கொள்ளும் வழக்கம் நம் சஷ்டியப்தபூர்த்தியைப்போல ஜப்பானிலும் உள்ளது. 61இல் ஒருமுறை பெயர் மாற்றித் தொடங்கியவர், எல்லாம் இழந்த பின் 75இல் மறுபடி தொடங்குகிறார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னுரையில் கடந்த காலத்தைவிட வரப்போவதைப் பற்றிய பேச்சே கூர்மையானது. பழைய வெற்றியை மதிப்பவன் அதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சந்தையும் அதைத்தான் கேட்கும். பெரிய அலை பேர்வாங்கியிருந்த சமயத்தில் எல்லாவற்றையும் தள்ளிவைத்ததால், அலையை மறுபடி வேறுவிதமாக வரையும் உரிமையைத் தமக்கு மீட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே வந்த ‘நூறு காட்சிகள்’ இரண்டாம் தொகுதியில் ஓர் அலை ஃபூஜியை நோக்கிச் சரிகிறது, நிறமில்லை, படகில்லை, அலைமுடியில் தெறிக்கும் துளிகள் பறவைக் கூட்டமாக மாறிப் பறக்கின்றன.

அதன் பிறகும் வேலைகள் ஒரே வகையாக அமையவில்லை. 1839இல் வீடு தீப்பற்றி, சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் போயின. 1842, 43இல் தினமும் காலையில் ஒரு சிங்க உருவம் வரைவதை நோன்புபோலக் கடைப்பிடித்தார். 200க்கு மேற்பட்ட தாள்கள் எஞ்சியுள்ளன. எடோவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலைப்பகுதியில் உள்ள ஒபுசே ஊரில், தகாய் கோசன் என்ற வணிகர் அவரை ஆதரித்தார். அங்கே திருவிழாத் தேர் ஒன்றின் உட்கூரைக்கு 1845இல் இரண்டு அலைகளை வரைந்தார். சதுரப் பலகை முழுக்கச் சுழலும் நீர். ஃபூஜி கிடையாது, மனிதர் கிடையாது. அந்த ஆண்டு அவருக்கு வயது 86. இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1848இல் வெளியிட்ட கடைசி நூல்களில் ஒன்று வண்ணம் குழைப்பதைச் சொல்லித்தரும் மலிவான சிறு கையேடு. சாயம் எதில் கிடைக்கும், எப்படி அரைக்க வேண்டும், டச்சுக்காரர்கள் எண்ணெய் வண்ணத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. உச்சகட்ட மேதைமையை எதிர்நோக்கியிருந்த மனிதர் அப்போதும் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார்.

எப்படிக் கணக்கிடுவது?

ஹொக்குசாயின் சொல்லை அப்படியே ஏற்றால் சீப்புநூலும் நாட்காட்டியும் நாவல் படங்களும் பயிற்சிக் காலச் செலவாகிவிடும். வேலைகளின் வரிசை வேறு கதை சொல்கிறது. கவிதைக் குழுவுக்காக வரைந்ததில் கிடைத்த ஒரு வடிவம், ஐரோப்பியப் பாணிச் சோதனையில் கனமாகி, நாவலில் வேகம் பெற்று, பாடநூலில் வட்டமாகத் தெளிந்து, சீப்பில் இறுகி, புது நீலம் கிடைத்ததும் முழுமையானது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டார். வேலையில் பிடிபட்டதை ஓவியர் அடுத்த இடத்துக்கு எடுத்துச்சென்றார். பட்டறையில் இருந்திருந்தால் நடிகர் முகங்களோடு வாழ்வு முடிந்திருக்கும். அவருடைய சுதந்திரம், வேலைகளை மறுப்பதைவிட இப்படிக் கடத்திச் செல்வதில்தான் பெரிதும் இருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை வறுமை. அந்த விலையில் ஒரு பங்கை ஓயியும் கட்டினார்.

அருங்காட்சியகங்கள் கலைஞர்களைத் தலைசிறந்த படைப்புகளைக் கொண்டு வரிசைப்படுத்துகின்றன. பல்வேறு திட்டங்களில் உழைத்த சுயேச்சைக் கலைஞருக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. கலைஞரின் சொந்த வாக்குமூலமும் போதாது. எந்த வேலை யாருக்காக, எந்தக் கட்டுப்பாட்டுக்குள், யாருடைய கைகளோடு சேர்ந்து நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பெரும் படைப்பு, சில்லறை வேலை என்ற பிரிவினை பிற்காலத்தார் கண்டது. 1831இல் எடோ கடைத்தெருவில் ‘பெரிய அலை’யும் ஒரு சில்லறை வேலையாகத்தான் தொங்கியது, இரண்டு கிண்ணம் நூடுல்ஸுக்கு ஆகும் காசுக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்தால் எவரும் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போகலாம்.